காலிப் படுக்கையில் அறுபத்துநாலு

ஜனவரி 4

அன்புள்ள குச்சிக்கு,

அக்கா எழுதறேன். இங்க நானும் உன் மாமாவும் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறத்தான் வலிக்குதாம், கடைவீதிக்குப் போக வலிக்கறதில்ல. நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்ல பிஸ்கட்டுதானா?

ஃபோனை விட்டுட்டு இவ எதுக்குக் காகிதத்தைத் தூக்கினான்னு யோசிப்பே. நோயாளியோட துடிப்பைக் காட்டற உங்க கம்பெனி மானிட்டரைப் பத்தி வெளியே மூச்சு விடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரி ஆபீஸ்ல எங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. உன் ஃபோனையும் மெயிலையும் கம்பெனிக்காரன் மேய்வான்னு நீதான் சொல்லியிருக்க. முறைப்படி ரெண்டு புகார் எழுதிப் பார்த்தேன். "கருவியில் குறையில்லை, ஊழியர் கவனக்குறைவு"ன்னு பதில் வந்தது. இருபத்தெட்டு வருஷமா வார்டு சிஸ்டரா குப்பை கொட்டறவளுக்குக் கவனக்குறைவாம். அதான் உனக்கு எழுதறேன். அந்த மெஷினுக்குள்ள அடியில ஓடற புரோகிராமை எழுதினவன் நீதானே?

விஷயம் இதான். போன வியாழக்கிழமை பதினோராம் படுக்கைக்காரம்மா டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டாங்க. விரிப்பை உருவி, விரல் கிளிப்பைக் கொக்கியில மாட்டியாச்சு. காலை பதினொரு மணிக்குத் தரை துடைக்கறவ ஓடி வந்து, "சிஸ்டர், அங்க யாரோ இருக்காங்க"ன்னா. போய்ப் பார்த்தா திரையில பச்சைக் கோடு மலை மலையா ஏறி இறங்குது. துடிப்பு அறுபத்துநாலு. கிளிப் கொக்கியிலதான் தொங்குது. ஒயரையே பிடுங்கினேன். அப்பவும் அறுபத்துநாலு. கொஞ்ச நேரம் கழிச்சு அறுபத்தஞ்சு, திரும்ப அறுபத்துநாலு.

மெயின் சுவிட்சை நாங்க தொடக்கூடாது, அதுக்குப் பூட்டு. அதனால திரை மேல ஒரு தலையணை உறையைப் போட்டு மூடி வெச்சிருக்கேன். உறைக்குப் பின்னாடி அது பாட்டுக்கு ஓடுது. சிரிக்காம பதில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா


ஜனவரி 13

அன்புள்ள அக்கா,

நலம். பிஸ்கட் இல்ல, ரொட்டி. மாமா முழங்காலுக்கு என் அனுதாபம்.

சிரிச்சேன், மன்னிச்சுக்கோ. நிஜப் பேயா இருந்தா அறுபத்துநாலுல நிதானமா ஓடாது. உன் புகார் ரெண்டும் எங்க டீமுக்கு வரவே இல்ல, நடுவுலயே யாரோ அமுக்கிட்டாங்க.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். அந்த மெஷினுக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. அது உங்க வார்டுல படுக்கை ஒதுக்கற ஆள் மாதிரி. மெமரியைப் பக்கம் பக்கமா வெட்டி வெச்சிருக்கும். எந்த வேலை வந்து கேட்டாலும் ஒரு பக்கம் கொடுக்கும், முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கும். அப்படி வாங்கின பக்கத்தைச் சுத்தமாத் துடைக்காம அடுத்தவனுக்குக் கொடுத்தா, பழைய ஆள் எழுதினது தெரியும். உன் பதினொண்ணுல தெரியறது அந்தப் பழைய எழுத்தாத்தான் இருக்கணும்.

ஆனா ஒண்ணு இடிக்குது. பழைய எழுத்துன்னா அசையாம நிக்கணும். எண் மாறுதுன்னு சொல்றியே, அது எப்படி?

எனக்கு ரெண்டு விவரம் வேணும். ஒண்ணு, அந்த மெஷினைக் கடைசியா எப்ப அணைச்சீங்க? ரெண்டு, உறையைத் தூக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து, எண்ணையும் அலை எப்படி வருதுன்னும் கையால எழுதி அனுப்பு. படம் எடுக்காதே, மாட்டிப்பே.

அன்புடன்
தம்பி


ஜனவரி 22

அன்புள்ள குச்சி,

எல்லாரும் சுகம். கடிதம் கிடைச்சது. எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு.

முதல் கேள்விக்குப் பதில்: அணைக்கவே இல்ல. முன்னாடியெல்லாம் வாரத்துக்கு ரெண்டு தடவை கரண்ட் போகும், எல்லாம் செத்து எழுந்துக்கும். அக்டோபர் முதல் வாரம் புது ஜெனரேட்டர் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு நொடி கூட எதுவும் அணையல. பெரிய டாக்டர் அதுக்கு ரிப்பன் எல்லாம் வெட்டினார். இன்னியோட நூத்திப் பத்து நாள் ஆச்சு.

ரெண்டாவதையும் செஞ்சேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனப்போ ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். 64, 64, 65, 64, 63, 64, 64, 66, 65, 64. இப்படியே போகுது, பின்பக்கம் முழுக்க எழுதியிருக்கேன். அலை ஏழு தடவை ஒழுங்கா வருது. எட்டாவது வரதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்குது. திரும்ப ஏழு. ஒரு தடவை கூட இது மாறல.

பத்து நிமிஷம்னு சொன்ன, நான் அரை மணி உட்கார்ந்துட்டேன். தரை துடைக்கறவ இப்ப அந்த மூலைக்கே வரமாட்டேங்கறா. நானே துடைக்கறேன். பயம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வரிசையைப் பார்க்கறப்போ மனசுக்கு என்னவோ போல இருந்தது. எழுதினா கிண்டல் பண்ணுவே, வேண்டாம்.

குளிர்ல பனியனோட சுத்தாதே.
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். வேலை நிறைய, அதனால சுருக்கமா எழுதறேன்.

நீ அனுப்பின தாளைப் பார்த்தேன். அந்த ஒரு மெஷின்ல மெமரி சிப் கெட்டுப்போயிருக்கணும். பதினொண்ணை வார்டை விட்டு வெளியே தள்ளிடு. மத்த மெஷின்ல பிரச்சினை இருக்க வாய்ப்பில்ல, தைரியமா நம்பலாம்.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.
தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள குச்சி,

நாங்க நலம். நீ நலமான்னு உன் கடிதத்தைப் பார்த்தா சந்தேகமா இருக்கு. ஆறே வரி. தந்தி ஆபீஸ்ல சேர்ந்துட்டியா? யாராவது திட்டினாங்களா? சாப்பாடு ஒத்துக்கலையா?

நீ சொன்ன மாதிரியே பதினொண்ணைத் தள்ளிட்டு ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிட்டேன். கருவி பார்க்கறவர் பூட்டைத் திறந்து அணைச்சுத் திரும்பப் போட்டாராம். உடனே சமர்த்தா நேர்கோடு போட்டு நின்னுடுச்சாம். "உங்க பேய் வேலையை விட்டுப் போயிடுச்சு சிஸ்டர்"னு கேலி பண்றார். நானும் விட்டுத் தொலைச்சேன். வார்டுல மத்த இருபது மெஷினும் ஒழுங்கா ஓடுது. கிளிப்பைக் கழட்டினா கத்துது, மாட்டினா அடங்குது. எனக்கு வேற என்ன வேணும்?

ஒண்ணு மட்டும் கேட்கறேன். சிப் கெட்டுப்போயிருந்தா அணைச்சுப் போட்டதும் சரியாகுமா? நான் படிக்காதவ, தெரியாமக் கேட்கறேன்.

விவரமா எழுது.
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

நலம். முதல்ல இதைச் செய், அப்புறம் மீதியைப் படி. வார்டுல இருக்கற எல்லா மானிட்டரையும் உடனே அணைச்சுப் போடு. வாரா வாரம் அணைச்சுப் போடணும். பூட்டை உடைக்கணும்னா உடை.

நீ படிக்காதவ இல்ல, சரியாத்தான் கேட்டிருக்க. சிப் இல்ல.

மாசக் கணக்கா என்னால காத்திருக்க முடியாது. அதனால இங்க லேப்ல ஒரு மெஷினை வெச்சு, சும்மா வேலைகளைப் போட்டு மெமரியை நிரப்பி நெருக்கினேன். கெர்னல் திரும்ப வாங்கிக்கிட்ட ஒவ்வொரு பக்கத்திலயும் ஒரே எழுத்தை அடிச்சு நிரப்பி வெச்சேன். காலி வீட்டு வாசல்ல மாவு தூவி வெக்கறதுன்னு வெச்சுக்கோ, யாராவது நுழைஞ்சா கால்தடம் தெரியும். மூணாம் நாள் பகல்ல, நான் பார்த்துக்கிட்டிருக்கும்போதே, ஒரு பக்கத்துல அந்த எழுத்தெல்லாம் ஒண்ணொண்ணா அழிஞ்சு மலை மலையா எண்கள் முளைச்சது. கிளிப் மாட்டல. அறையில என்னைத் தவிர ஆளில்ல. எழுந்து நின்னுட்டேன்.

மெஷினைக் கட்டும்போது சோதனைக்காக ஒரு ஆளோட துடிப்பைப் பதிவு பண்ணி, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டற சின்ன புரோகிராம் ஒண்ணு உள்ளே இருந்தது. அது தன் பக்கத்தைக் கெர்னலுக்குத் திருப்பிக் கொடுத்துடுச்சு, ஆனா அதுல எழுதறதை நிறுத்தல. டிஸ்சார்ஜ் ஆன ஆள், ரெஜிஸ்டர்ல படுக்கை காலி, ஆனா ஆள் தினமும் வந்து படுக்கறான். மெஷின் எம்பது நாளைக்கு மேல அணையாம ஓடினா, என்னிக்காவது ஒரு நாள் இடம் நெருக்கடியாகி, அந்தப் பக்கத்தையே கெர்னல் திரைக்குக் கொடுத்துடுது.

நோயாளிக்குத் துடிப்பு இருக்கற வரைக்கும் அவரோடது மேல எழுதிக்கிட்டே இருக்கும், வித்தியாசம் தெரியாது. அவருக்கு நின்னா, இது தெரியும். அலாரம் அடிக்காது.

யாருக்கும் நீ ஏன்னு சொல்ல வேண்டாம். அணைச்சுப் போடு, அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

இங்க யாரும் நல்லா இல்ல.

உன் கடிதம் மார்ச் பதினாலாம் தேதி வந்தது. உள்ளே நீ போட்ட தேதி பிப்ரவரி இருபது. உறை மேல தபால் முத்திரை மார்ச் பதினொண்ணு. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன். பத்தொன்பது நாள் அந்தக் கடிதம் எங்கடா இருந்தது?

மார்ச் ஆறாம் தேதி நாலாம் படுக்கையில ஒரு லாரி டிரைவர் இருந்தார். வயித்துல ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாள், தேறிக்கிட்டு வந்தார். ஆக்சிஜன் மாஸ்க், விரல் கிளிப், அவ்வளவுதான். மதியம் ரெண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். அவர் சம்சாரம் வந்து பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சாங்க. அவர் கண்ணை மூடித் தூங்கறார்னு மெதுவாப் பேசினாங்க. ரெண்டேகாலுக்கு நான் அந்தப் பக்கம் போனேன். "கை சில்லுனு இருக்கே சிஸ்டர்"னாங்க. நான் திரையைப் பார்த்தேன். அறுபத்துநாலு. "துடிப்பு நல்லா இருக்கும்மா, ஏசி குளிர்தான்"னு சொல்லி, போர்வையை இழுத்து விட்டுட்டுப் போனேன்.

நான் தொடல. இருபத்தெட்டு வருஷத்துல எத்தனை பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன், மெஷினைப் பார்க்கறதுக்கு முன்னாடி மணிக்கட்டைப் பாருன்னு. அன்னிக்கு நான் தொடல. மத்த மெஷினை நம்பலாம்னு நீ சொன்னதை நம்பினேன்.

மூணு மணிக்கு மருந்து கொடுக்கப் போனவ மாஸ்க்கை எடுத்துப் பார்த்துக் கத்தினா. நான் ஓடினேன். அவர் போய் ரொம்ப நேரம் ஆயிருந்தது. திரையில அலை ஏழு தடவை ஏறி, தயங்கி, திரும்ப ஏறிக்கிட்டிருந்தது. நாங்க நெஞ்சை அமுக்கும்போதும் அது அப்படியே ஓடுச்சு. டாக்டர் நேரத்தை எழுதறப்போ கூட ஓடுச்சு. அந்தம்மா எங்களைப் பார்க்கல, திரையையே காட்டி, "இருக்கார், இருக்கார்"னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல.

உன் கடிதம் வந்த அன்னிக்கே கருவி பார்க்கறவரைக் கெஞ்சி, விசாரணைக்காக சீல் வெச்ச நாலாம் படுக்கை மெஷினைத் தவிர மத்ததையெல்லாம் அணைச்சுப் போட வெச்சேன். இன்னொண்ணு. "ஒரு ஆளோட துடிப்பு"ன்னு எழுதியிருக்க. எந்த ஆளோடதுன்னு எழுதல. உனக்கு ஒன்பது வயசுல அந்தக் காய்ச்சல் வந்தப்போ நான் நர்சிங் முதல் வருஷம். நாடி எண்ணக் கத்துக்கிட்டதே உன் கையிலதான். நாப்பது நாள் எண்ணியிருக்கேன். ஏழு அடிச்சு, நின்னு, எட்டாவது வரும். அந்த எட்டாவது வர வரைக்கும் எனக்கு மூச்சே வராது. ஜனவரியில பதினொண்ணு முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தப்பவே தெரிஞ்சு போச்சு. உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு பயந்து, வாய் விட்டுச் சொல்லாம இருந்தேன். நீ உயிரோட இருக்கறன்னு தெரிஞ்சுக்கத்தான் ஒவ்வொரு கடிதத்திலயும் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேட்டேன்.

பதில் போடு.
அக்கா


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மாமாவுக்கு வலி பரவாயில்ல. நான் வீட்ல இருக்கேன், வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. ஏப்ரல் இருபத்தெட்டுலேர்ந்து விசாரணை. மெஷின் பதிவுல துடிப்பு ஒழுங்கா இருக்கு, ஆள் செத்திருக்கார், அப்போ கிளிப்பைத் தப்பான விரல்ல மாட்டினது யாருன்னு கேட்கறாங்க. வேற ஆள் விரல்ல மாட்டி வெச்சிருப்பேன்னு ஒரு பெரிய மனுஷன் ஊகம் வேற பண்ணியிருக்கார். பதிவைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

உன் கடிதங்களை யாருக்கும் காட்டல. மாமாவுக்குக் கூட. துணி அலமாரியில அடியில இருக்கு.

வேலை இல்லாம உட்கார்ந்தா கை தானா மணிக்கட்டுக்குப் போகுது. என் நாடியை நானே எண்ணறேன். ஏழு வந்ததும் என்னை அறியாம நிறுத்திடறேன்.

பதிமூணு நாளாச்சு, உன் பதில் வரல. திட்டியாவது எழுது.
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

நலம்னு எழுத வெட்கமா இருக்கு. உடம்புக்கு ஒண்ணுமில்ல.

அது என் துடிப்புதான். ஜனவரியில உன் தாளைப் பிரிச்சதுமே தெரிஞ்சு போச்சு, ஏழுக்கு அப்புறம் தயக்கம்னு படிச்ச இடத்துலயே என் மணிக்கட்டைப் பிடிச்சு எண்ணினேன். நாலு வருஷம் முன்னாடி லேப்ல பதிவு பண்ண வேற ஆள் கிடைக்கல. என் விரல்லயே கிளிப்பை மாட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தரச் சோதனைக்கு ஆட்கள் வந்த அன்னிக்குத் திரை ரெண்டு நொடி கறுத்துக் கறுத்துப் போச்சு. அந்தச் சோதனை புரோகிராம் உள்ளே ஓடினா கறுக்கலைன்னு கண்டுபிடிச்சேன். அதை ஓட விட்டுத்தான் பாஸ் வாங்கினோம். மறுநாள் எடுத்துடலாம்னு இருந்தேன். பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கற வரியை எழுதினேன், எழுதறவனை நிறுத்தற வரியை எழுதல. மறுநாள் வேற வேலை வந்துச்சு. அக்கா, அவ்வளவுதான் நடந்தது. ஒரு வரி.

சிப் கெட்டதுன்னு எழுதினது பொய். அப்படி இருக்கணும்னு சாமியை வேண்டிக்கிட்டு எழுதினேன். அப்புறம்தான் லேப்ல தேடினேன். பிப்ரவரி இருபதாம் தேதி உனக்கு எழுதி ஸ்டாம்ப் ஒட்டினேன். அன்னிக்கே மேலதிகாரிகிட்டயும் சொன்னேன். "அடுத்த மாசம் அப்டேட்ல சத்தமில்லாமச் சரி பண்ணிடலாம், காகிதத்துல எதுவும் வேண்டாம்"னார். நானும் தலையாட்டினேன். கடிதம் பையிலயே இருந்தது. தபால் பெட்டி எங்க தெரு முனையில, தினம் ரெண்டு வேளை அதைத் தாண்டித்தான் போவேன். ஒரு தடவை உறையைப் பாதி உள்ளே விட்டுட்டுத் திரும்ப உருவிட்டேன். அந்த ஃபைல்ல இருக்கற ஒரே பேர் என்னுது. பயம்தான், வேற காரணம் ஜோடிக்கல. அப்டேட் தள்ளிப் போகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்குப் போட்டேன். அதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே அவர் போயிட்டார்னு எனக்குத் தெரியாது.

இப்ப நிலைமை இது. அப்டேட் தயார். நான்தான் இங்கேர்ந்து பொத்தானை அழுத்தணும், நெட் வழியாப் போகும். உங்க ஆஸ்பத்திரியில மட்டும் இல்ல, மொத்தம் முந்நூத்திப் பன்னிரண்டு மெஷின் இருக்கு. அழுத்தினா எல்லாத்திலயும் பழைய பக்கம் அழிஞ்சுடும். நாலாம் படுக்கை மெஷின்ல, சீல் வெச்சு ஓடிக்கிட்டிருக்கே, அதுலயும் அழிஞ்சுடும். அதுக்கப்புறம் உன் பக்கத்துக்குச் சாட்சின்னு எதுவுமே இருக்காது. விசாரணை முடியற வரைக்கும் தள்ளிப் போட்டா உன்னைக் காப்பாத்தலாம். கம்பெனிக்காரங்க இப்ப, "சீக்கிரம் அழுத்து"ன்னு நிக்கறாங்க. ஏன்னு உனக்கே புரியும்.

எதைச் செய்யட்டும்? ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கும்போதே கை மணிக்கட்டுக்குப் போகுது. எங்கயோ முகம் தெரியாத ஒருத்தருக்கு நின்னா, அங்க நான் ஓட ஆரம்பிக்கறேன். யாரும் ஓடி வராம நான் பார்த்துக்கறேன். தாங்க முடியல அக்கா.

தம்பி


ஏப்ரல் 14

குச்சிக்கு,

வீட்ல சுகம். அழுதியான்னு கேட்க மாட்டேன், மை கரைஞ்சிருக்கு.

இது கையில கிடைச்ச நிமிஷம் பொத்தானை அழுத்து. இதுல யோசிக்க என்ன இருக்கு? என்னைக் காப்பாத்த இன்னொரு வார்டுல ஒருத்தர் போகணுமா? கம்பெனிக்காரன் எந்த எண்ணத்துல சொன்னாலும் அந்த வேலை நடக்கட்டும். வார்டுல நான் இருந்திருந்தா அத்தனையையும் கோடாலி எடுத்து உடைச்சிருப்பேன்.

என் விஷயம். நீ எழுதின நாலு கடிதத்தையும் இந்த உறைக்குள்ள வெச்சிருக்கேன். பத்தொன்பது நாள் உன் பையில தூங்கினதை அதோட உறையோடயே வெச்சிருக்கேன், முத்திரை தெளிவா இருக்கு. நகல் எடுக்கல. நான் போய் அதை விசாரணையில நீட்டி உன்னைப் பிடிச்சுக் கொடுக்க மாட்டேன். அம்மா போனப்போ உன்னை என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க, அந்தக் கையால அது முடியாது. எரிக்கணும்னு தோணினா எரி. இருபத்தொன்பதாம் தேதி வெளி ஆட்கள் யார் வேணா வந்து வாக்குமூலம் கொடுக்கலாம்னு போர்டுல ஒட்டியிருக்காங்க. என்னை முப்பதாம் தேதி கூப்பிட்டிருக்காங்க.

நீ வந்தாலும் வராட்டியும் நான் ஒண்ணைச் சொல்லத்தான் போறேன். நான் தொடலைங்கறதை. அது உன் தப்புல சேராது, என்னுது.

பனியனோட சுத்தாதே.
அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

உங்க ஊர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுலேர்ந்து எழுதறேன். சாட்சிங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கினாங்க, அதனால வீட்டுக்கு வரல. மாமாகிட்ட சொல்லிடு. நலமா இருக்கேன். ரெண்டு வேளையும் சாப்பிட்டேன்.

பொத்தானைப் பதினேழாம் தேதியே அழுத்திட்டேன். முந்நூத்தி ஒன்பது மெஷின்லேர்ந்து சரியாச்சுன்னு தகவல் வந்தது. மூணு மட்டும் எங்க இருக்குன்னே தெரியல. யாரோ வாங்கி, யாருக்கோ வித்து, கைமாறிப் போயிருக்கு. அதையும் வாக்குமூலத்துல எழுதிக் கொடுத்திருக்கேன், தேடச் சொல்லி. நாலு கடிதத்தையும், முத்திரை உறையையும் மேஜை மேல வெச்சேன். நடுவுல உட்கார்ந்திருந்த அம்மா மூணு தடவை படிச்சாங்க. ஒரு டாக்டரைக் கூப்பிட்டு என் நாடியைப் பார்க்கச் சொன்னாங்க. மார்ச் ஆறாம் தேதி பதிவைக் காகிதத்துல அடிச்சு வெச்சிருந்தாங்க. அவர் ஒரு கையில என் மணிக்கட்டும், ஒரு கையில அந்தக் காகிதமுமா நின்னார். ரெண்டும் ஏழுக்கு அப்புறம் ஒரே மாதிரி தயங்குதுன்னு சொன்னார். கிளிப் விஷயத்தை இனி உன் மேல போட முடியாது. நேத்தே கம்பெனியிலேர்ந்து என்னை நிறுத்திட்டாங்க. மேல வழக்கு வரும்னு சொல்றாங்க, வரட்டும்.

வெளியே வந்தா நீளமான வராந்தா. கடைசி நாற்காலியில ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. யாருன்னு யாரும் சொல்லல, எனக்கே தெரிஞ்சு போச்சு. தாண்டிப் போயிடலாம்னுதான் நடந்தேன். "தம்பி"ன்னு கூப்பிட்டாங்க.

திட்டுவாங்கன்னு நின்னேன். பக்கத்து நாற்காலியைக் காட்டினாங்க. உட்கார்ந்தேன். என் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. நாடி பார்க்கற மாதிரி இல்ல, சும்மா உள்ளங்கையோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்படியே பேச ஆரம்பிச்சாங்க.

"நாங்க பத்து மாசமா பேச்சு வார்த்தை இல்லாம இருந்தோம் தம்பி. ஒரே வீட்ல. தப்பு என் மேலதான். ஆபரேஷன்னு சொன்னப்போ கூட நான் வாயைத் திறக்கல. அன்னிக்குத்தான் போய் உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கல. சரி, கோபம், கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கார்னு நெனச்சேன். அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். நான் மன்னிச்சுக்கோன்னு சொன்னப்போ அது ஒரு நொடி நின்னுட்டு, அப்புறம் திரும்ப ஓடுச்சு. இன்னொரு தடவை சொன்னேன். திரும்பவும் நின்னு ஓடுச்சு. அவர் காதுல விழுந்துடுச்சுன்னு எனக்கு அவ்வளவு நிம்மதி."

அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க. "அது நீங்களா?"

அவர் கொஞ்சமாவது கேட்டிருப்பார்னு ஒரு பொய் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்தது. ஜனவரியில உனக்குச் சொன்ன மாதிரி அழகா சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா, நான்தான்"னு சொன்னேன்.

அவங்க அழல. கையையும் விடல. நானும் உருவிக்கல. என் ரயில் நாலு மணிக்கு, அது போயிடுச்சு. அடுத்தது ஏழு மணிக்கு.

உன் தம்பி